வார்டுக் கட்டிலும் வீட்டுக் கட்டிலும்: படுக்கைப் புண் குறித்து ஓர் ஒப்பாய்வு

பக்கவாதத்தில் விழுந்தவர், திண்டிவனம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் வண்டி மோதி முதுகெலும்பு முறிந்தவர், தென்னையிலிருந்து தவறி விழுந்தவர், இடுப்பெலும்பு உடைந்த பாட்டி. திருவண்ணாமலை மாவட்டத்தில் இப்படிப் படுத்த படுக்கையாகிப்போனவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்டில்களில் வாழ்கிறார்கள். முதலில் மருத்துவமனை வார்டில் சில நாள், சில வாரம். பிறகு வீட்டில் பல மாதம், சிலருக்குப் பல ஆண்டு. படுக்கைப் புண் இவற்றில் எந்தக் கட்டிலிலும் பிடிக்கலாம். எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது, யார் முதலில் பார்த்தார் என்று கேட்டால்தான் பதில் கிடைப்பதில்லை. இரண்டு கட்டில்களையும் அருகருகே போட்டுப் பார்த்தால் அந்தப் பதில் எங்கே தொலைகிறது என்று தெரியும்.

வார்டில் ஏடு இருக்கிறது, ஆள் போதவில்லை. வீட்டில் ஆள் இருக்கிறார், ஏடு இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. கூர்ந்து பார்த்தால் இரண்டு கட்டிலருகிலும் நிற்பவர் ஒருவரே. மனைவி, மகள், மருமகள், சில வேளை மகன். வார்டில் அவருக்கு ‘அட்டெண்டர்’ என்று பெயர், கையில் ஒரு பாஸ் கொடுத்திருப்பார்கள். வீட்டில் அவருக்கு அந்தப் பாஸும் கிடையாது. இந்த ஒப்பாய்வின் மையம் அவர்தான்.

புண் உண்டாகும் விதத்தில் இரண்டு கட்டிலுக்கும் வேறுபாடு இல்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. நகக்கண்ணருகே உள்ள நுண்குழாய்களில் ரத்தத்தின் அழுத்தத்தை 1930-இல் லண்டிஸ் என்ற ஆய்வாளர் அளந்தபோது, ரத்தம் உள்ளே நுழையும் முனையில் அது சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தது. வெளியிலிருந்து அதைவிடக் கூடுதலாக அழுத்தினால் ஓட்டம் தடைபடும் என்பது அன்றிலிருந்து பாடப்புத்தகக் கணக்கு. உடலுக்கு உடல் இந்த எண் மாறும். ஒல்லியான கிழவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் இதைவிடக் குறைந்த அழுத்தமே போதும். 1959-இல் கோசியாக் விலங்குகளிடம் நடத்திய சோதனைகள் இன்னொன்றைக் காட்டின. பெரிய அழுத்தம் சிறிது நேரம் செய்யும் சேதத்தைச் சிறிய அழுத்தம் நெடுநேரம் இருந்தாலும் செய்துவிடும். மெத்தை மிருதுவாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பதே இதன் பொருள்.

எலும்பை ஒட்டிய சதையே முதலில் கெடுகிறது. தோலில் ஒரு ரூபாய் நாணய அளவு கறுப்பு தெரியும்போது உள்ளே உள்ளங்கை அளவு குழி விழுந்திருக்கலாம். முதுகின் அடியில் வாலெலும்பு இருக்குமிடம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், தோள்பட்டை, பின்மண்டை ஆகியவை முக்கியமான இடங்கள். ஆக்ஸிஜன் மாஸ்க் உரசும் மூக்குத்தண்டு, மூக்குவழிக் குழாய் அழுத்தும் நாசி ஓரம், யூரின் குழாய் சிக்கிக்கொள்ளும் தொடை இவற்றிலும் புண் பிடிக்கும். இவை பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

நாம் தூக்கத்தில் புரண்டுகொண்டே இருப்பது வலி நம்மைப் புரட்டுவதால்தான். உணர்விழந்த உடலுக்கு அந்தச் சேதி வராது. இதை நம் பக்கத்து ஊரிலிருந்தே உலகம் கற்றுக்கொண்டது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணைப் பார்த்துப் பார்த்து, சதையை அழுகவைப்பது நோய் அல்ல, வலி தெரியாத காலின் மீது திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று நிறுவினார். அழுத்தத்தை எடுத்தால் புண் ஆறியது. அப்போது திருவண்ணாமலையும் அதே வட ஆற்காடு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1989-இல். தொழுநோயாளியின் பாதத்துக்குப் பொருந்திய அந்த உண்மை பக்கவாதக்காரரின் இடுப்புக்கும் அப்படியே பொருந்துகிறது.

இனிக் கட்டில்களைப் பார்க்கலாம்.

வார்டுக் கட்டில் இரும்பாலானது, உயரமானது. குனியாமல் நின்றபடியே நோயாளியைத் திருப்ப முடியும் என்பது அதன் பெரிய நன்மை. அதன் மேல் ரெக்சின் உறை போட்ட மெத்தை. துடைக்க எளிது, தொற்றுக்கும் பாதுகாப்பு. ஆனால் சித்திரை, வைகாசியில் வியர்வை அதில் தங்கி முதுகு ஊறிப்போகும். மலை பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்து இரவில் கக்கும் ஊர் இது. மின்விசிறிக் காற்று நோயாளியின் முகத்துக்குப் போகுமே தவிர முதுகுக்குப் போகாது. ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். தலைமாட்டை மிகவும் உயர்த்தி வைப்பதும் வார்டில் அடிக்கடி நடக்கிறது. உடல் மெல்ல மெல்லக் கீழே சரிய, தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்கிறது. இந்த இழுவை நேரடி அழுத்தத்துக்குக் குறைந்ததல்ல. சாப்பாடு கொடுக்கும் நேரம் போக மற்ற நேரங்களில் 30 பாகைக்கு மேல் தலைமாடு உயராமல் பார்த்துக்கொண்டாலே இழுவை வெகுவாகக் குறையும்.

வீட்டுக் கட்டில் எதுவாகவும் இருக்கலாம். கயிற்றுக் கட்டில், நடுவில் குழிந்த இலவம்பஞ்சு மெத்தை, தரையில் பாய். பாயில் படுத்திருக்கும் 70 கிலோ கணவரை 45 கிலோ மனைவி ஒருத்தி திருப்ப வேண்டுமென்றால் மண்டியிட்டு, குனிந்து, இழுத்துத்தான் திருப்புவாள். இழுக்கும்போது தோல் உராய்கிறது. பழைய புடவை ஒன்றை நான்காக மடித்து இடுப்புக்கடியில் குறுக்கே விரித்துவிட்டு, அதன் இரு ஓரங்களையும் பிடித்துத் தூக்கித் திருப்பினால் உராய்வு பெரிதும் குறையும். காசு செலவில்லாத வழி இது. வார்டில் தெரிந்த செய்தி. வீட்டுக்குப் போகும் நாளில் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது என்பதில் வார்டும் வீடும் வெகுவாகப் பிரிகின்றன. இரண்டு மணி நேரம் என்பது பரவலாகத் தெரிந்த விதி. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்காகத் தனிப் பிரிவு தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கொருமுறை திருப்பச் செய்தார். அதற்கு முந்தைய போரில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்தார்கள். அவருடைய வார்டில் பிழைத்தார்கள், சக்கர நாற்காலியில் விளையாடவும் செய்தார்கள். அந்த விதியை மதிக்கிறேன். ஆனால் அதை அப்படியே எடுத்துவந்து செங்கத்துக்கு அப்பாலுள்ள ஒரு வீட்டில், பகலில் நூறுநாள் வேலைக்குப் போய்வரும் மருமகளிடம் கொடுப்பது நியாயமில்லை. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழுந்தால் பத்தாம் நாள் அவளே படுத்துவிடுவாள். முடியாத விதியைக் கொடுத்தால், மனிதர்கள் அதைப் பாதியாகக் கடைப்பிடிப்பதில்லை, முழுதாக விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு ஆய்வே ஒரு வழி காட்டியிருக்கிறது. 2013-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. அடர்த்தி மிகுந்த நுரை மெத்தையில் படுத்திருந்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணி என்று மூன்று குழுவாகப் பிரித்துத் திருப்பினார்கள். புண் பிடித்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2014-இல் இங்கிலாந்து வெளியிட்ட வழிகாட்டியும் மிகுந்த ஆபத்தில் இருப்பவருக்கு நான்கு மணிக்கு ஒருமுறையாவது, சற்றுக் குறைந்த ஆபத்தில் இருப்பவருக்கு ஆறு மணிக்கு ஒருமுறையாவது என்கிறது. ஆக, வீட்டுக்குத் தேவை நல்ல நுரை மெத்தையும், நான்கு மணிக்கு ஒருமுறை என்ற, செய்யக்கூடிய ஒரு கெடுவும். தோல் ஏற்கெனவே கறுத்திருந்தால் அந்தக் கெடுவைக் குறைக்க வேண்டும். இரவு பத்து, அதிகாலை இரண்டு, காலை ஆறு என்றால் ஒருமுறைதான் இடையில் எழ வேண்டும். அதை இரண்டு பேர் முறைவைத்துக்கொள்ளலாம்.

ஏர் பெட் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வைத்த, அறை அறையாகக் காற்று ஏறி இறங்கும் மெத்தை இப்போது வாடகைக்கே கிடைக்கிறது. வாங்கிப் போட்டதும் வேலை முடிந்தது என்று பல வீடுகளில் திருப்புவதையே நிறுத்திவிடுகிறார்கள். அதன்மேல் மூன்று போர்வை, ஒரு ரப்பர் ஷீட், ஒரு டயாப்பர் என்று அடுக்கினால் காற்றறையின் பயன் நோயாளியின் முதுகை எட்டாது. கரண்ட் போனால் காற்று இறங்கி அவர் கட்டில் பலகையிலேயே கிடப்பார். வார்டிலும் இதுபோன்ற பழக்கங்கள் உண்டு. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கடியில் வைப்பதை இன்றும் பார்க்கலாம். வட்டமாக நடுவில் ஓட்டையுள்ள தலையணை வைப்பதும் உண்டு. இரண்டையும் உலக வழிகாட்டிகள் வேண்டாம் என்கின்றன. ஓட்டையைச் சுற்றியுள்ள வளையம் அழுத்தி, நடுப்பகுதிக்கு வரும் ரத்தத்தையும் தடுத்துவிடுகிறது. குதிகாலைக் காக்க, கெண்டைக்காலின் கீழே ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்துக் குதிகால் எதையும் தொடாமல் தொங்கும்படி விட்டால் போதும். கறுத்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் நல்லதென்று நினைத்துச் செய்யப்படும் கெடுதி. உள்ளே ஏற்கெனவே நலிந்த சதை அந்த அழுத்தலில் இன்னும் சேதமாகும்.

உணவை நீட்டிப் பேச வேண்டியதில்லை. புரதம் இல்லாமல் தோல் தாங்காது, புண்ணும் ஆறாது. வீட்டில் படுத்தவருக்குக் கஞ்சி மட்டும் கொடுப்பதும், பருப்பு கொடுத்தால் சீழ் வைக்கும் என்று சிலர் பயப்படுவதும் நிற்க வேண்டும். முட்டை, பால், பருப்பு, வேர்க்கடலை, மீன் இவற்றில் எது செரிக்கிறதோ அது வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வைக்கலாம்.

பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. புண்ணைத் தடுப்பது என்பது முக்கால் பங்கு, தினமும் ஒருமுறை முதுகைப் பார்ப்பதுதான். வார்டிலும் வீட்டிலும் இது தவறுகிறது, வெவ்வேறு காரணங்களால்.

வார்டில் பார்க்க வேண்டியவர் செவிலியர். அவர் ரத்த அழுத்தம் பார்க்கிறார், ஊசி போடுகிறார், குளுக்கோஸ் மாற்றுகிறார், கேஸ் ஷீட் எழுதுகிறார். இவை எல்லாம் நோயாளியின் முன்பக்கத்தில் நடக்கும் வேலைகள். முதுகைப் பார்க்கத் தனியாக ஒருமுறை புரட்ட வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். திரை வேண்டும். பொது வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் திரை இருப்பதில்லை. அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் முப்பது பேர் பார்க்கத் தன் வேட்டியை விலக்கிக்கொள்ள மாட்டார். செவிலியரும் வற்புறுத்த மாட்டார். இப்படி இருவரின் மரியாதைக்கும் நடுவே வாலெலும்புத் தோல் கறுத்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் வெட்கம் வேறு வடிவத்தில் வருகிறது. அம்மாவின் பின்புறத்தை மகன் பார்க்க மாட்டான். மாமனாரை மருமகள் குளிப்பாட்ட மாட்டாள். நனைந்த துணியை மாற்றும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே மாற்றுவார்கள். நாற்றம் வந்த பிறகே பார்ப்பார்கள். நாற்றம் வருகிறது என்றால் புண் ஏற்கெனவே ஆழமாகிவிட்டது. யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. நம் வீடுகளில் உடலை மறைப்பது பண்பு. அந்தப் பண்பைக் கெடுக்காமல் பார்க்கவும் வழி உண்டு: யார் பார்ப்பது என்பதை வீட்டுக்கு வந்த முதல் நாளே பேசி முடிவுசெய்துவிடுவது. அம்மாவுக்கு மகளோ அத்தையோ, அப்பாவுக்கு மகனோ பங்காளியோ. ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படைத்தால் வேலை நடக்கும். எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எதைப் பார்ப்பது என்பதில் நமக்கு ஒரு தனிச் சிக்கல். பாடப்புத்தகம் முதல் கட்டப் புண்ணைச் சிவப்பு என்கிறது. விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சற்று அடர்ந்த கறுப்பாகவோ, ஊதா சாயலாகவோ தெரியும், சிலருக்கு நிற மாற்றமே தெரியாது. தொட்டால் சூடு, கெட்டித்தன்மை, அல்லது மாறாகச் சொதசொதவென்று இருப்பது, நோயாளிக்கு உணர்விருந்தால் எரிச்சல். இவைதான் நம் அடையாளங்கள். கறுத்த தோலுடையவர்களுக்கு முதல் கட்டத்தில் புண் கண்டுபிடிக்கப்படாமல் போவது மேலைநாடுகளிலேயே பதிவான குறைபாடு. எல்லோருமே கறுத்த தோலுடையவர்களாக இருக்கும் ஊரில், நாம் அதே புத்தகத்தை அப்படியே ஒப்பிக்கிறோம். இந்த ஓர் அம்சத்தில் வார்டைவிட வீடு மேல் என்று சொல்வேன். நாற்பது ஆண்டு கூடவே வாழ்ந்த மனைவிக்கு அந்தத் தோலின் இயல்பு நிறம் தெரியும். “நேத்து இப்படி இல்ல சிஸ்டர், இன்னிக்கி கறுப்பா கீது” என்று அவள் சொல்வதைவிட நல்ல பரிசோதனை இல்லை. அவள் சொன்னால் அது கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும்.

ஏறுகிறதா?

வார்டில் பதிவுக்கான ஏற்பாடுகள் இருக்கின்றன. 1962-இல் இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் முதியோருக்காக உருவாக்கிய மதிப்பெண் அளவுகோல் ஒன்று, 1987-இல் அமெரிக்காவில் பிரேடனும் பெர்க்ஸ்ட்ரோமும் வெளியிட்டது இன்னொன்று. பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என்று ஆறு கேள்வி கேட்டு 6 முதல் 23 வரை மதிப்பெண் தருகிறது; 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து. நம் நாட்டில் என்.ஏ.பி.எச். தரச்சான்று பெற விரும்பும் மருத்துவமனைகள், சேர்ந்த பிறகு புதிதாகப் பிடித்த அல்லது மோசமான படுக்கைப் புண்களை ஆயிரம் நோயாளி-நாளுக்கு எத்தனை என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். மோசமானவற்றையும் எண்ண வேண்டும் என்பது நல்ல விதி. வரும்போதே இருந்த சிறு கறுப்பு, கவனிப்பின்மையால் குழியானால் அதுவும் கணக்கில் வரும்.

வீட்டில் இவை எதுவும் இல்லை. வீட்டில் பிடித்த புண்ணை எண்ண வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. காய்ச்சல் வந்து, ரத்தத்தில் தொற்றேறி, மீண்டும் வார்டுக்கு வரும்போது அது “வரும்போதே இருந்தது” என்ற ஒற்றை வரியாகப் பதிவாகிறது. ஆறே மாதம் முன்பு அதே மனிதர் அதே வார்டிலிருந்து வீட்டுக்குப் போனபோது தோல் எப்படி இருந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினால், மாத்திரைகளின் பட்டியல் இருக்கும், ஸ்கேன் முடிவு இருக்கும். தோலைப் பற்றி ஒரு சொல் இருப்பது அபூர்வம்.

ஆனால் ஏடு இருக்கும் இடத்தில் உண்மை எழுதப்படுகிறதா என்பதும் கேள்விதான். இதைத் திறந்து பேச வேண்டும். புண்ணைப் பதிந்த செவிலியரிடம் “உங்க ஷிஃப்டுலதானே வந்துச்சு?” என்று கேட்கப்படும் இடத்தில், அடுத்த செவிலியர் பதிய மாட்டார். புண்ணை ‘சிராய்ப்பு’ என்று எழுதுவார், அல்லது அடுத்த ஷிஃப்டுக்கு விட்டுவிடுவார். வீட்டிலும் இதேதான் நடக்கிறது. மாமியாருக்குப் புண் வந்துவிட்டது என்று மருமகள் வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால் நாத்தனார் வந்து கேட்பாள், ஊர் பேசும். பவுடரைக் கொட்டி, துணியைச் சுற்றி, மூடிவைப்பாள். செவிலியரும் மருமகளும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காரணத்துக்காக ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். இரண்டு கட்டில்களுக்கும் உள்ள மிக ஆழமான ஒற்றுமை இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பெரும் புகழோடிருந்த நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, நரம்பு மண்டலம் கெட்டால் புண் தானாகவே வரும், அது சாவின் அறிகுறி என்று கற்பித்தார். நரம்பறுந்த விலங்குகளிலும் அழுத்தத்தையும் அழுக்கையும் தவிர்த்தால் புண் வருவதில்லை என்று பிரௌன்-செக்கார் காட்டியிருந்தும், ஷார்கோவின் சொல்லே நெடுங்காலம் எடுபட்டது. மறுபுறம் 1859-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல், படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்று எழுதினார். பராமரிப்பு என்று அவர் சொன்னது காற்று, வெளிச்சம், சுத்தம், உணவு, அமைதி எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டை. பின்னால் வந்தவர்கள் அதைச் செவிலியர் என்ற தனி ஆளின் குற்றமாகச் சுருக்கிவிட்டார்கள். இன்று நம் வார்டுகளில் இரண்டு குரலும் கேட்கிறது. “இந்த நோய்க்கு இப்படித்தான் வரும்” என்கிறார் ஒருவர். “சரியாப் பாத்துக்கல” என்கிறார் இன்னொருவர். முதல் பேச்சு எண்ண வேண்டிய தேவையை ஒழிக்கிறது, இரண்டாவது எண்ணுகிறவரைத் தண்டிக்கிறது.

தண்டனை வழியில் போன நாடு அமெரிக்கா. 2008 அக்டோபர் 1 முதல், மருத்துவமனையில் பிடித்து ஆழமாகிவிட்ட மூன்றாம், நான்காம் கட்டப் புண்ணுக்கான கூடுதல் செலவை மெடிகேர் காப்பீடு கொடுக்காது என்று அரசு அறிவித்தது. விளைவாக, சேரும் நாளிலேயே நோயாளியின் தோலை முழுதாகப் பார்த்து எழுத வேண்டிய அவசியம் மருத்துவமனைகளுக்கு வந்தது. எழுதாவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு. அந்த ஒரு பழக்கம் நமக்கும் வேண்டும், காசுத் தண்டனை இல்லாமலே. பணமும் ஆளும் இருந்தால் மட்டும் புண் வராது என்றும் சொல்லிவிட முடியாது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, முழுநேரப் பராமரிப்பில் ஒன்பது ஆண்டு வாழ்ந்தார். 2004 அக்டோபரில் அவர் இறந்தது படுக்கைப் புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில்.

புண் ஒன்றுகூட இல்லை என்று மாதாமாதம் அறிக்கை தரும் வார்டை நான் நம்ப மாட்டேன். தினமும் புரட்டிப் பார்க்கும் வார்டில் முதலில் எண்ணிக்கை ஏறும். அது பார்ப்பதன் அடையாளம். பிறகு மூன்றாம், நான்காம் கட்டப் புண்கள் குறைந்து, முதல் கட்டப் பதிவுகள் மட்டும் தொடர்ந்தால் அந்த வார்டு வேலை செய்கிறது. இதைக் கண்காணிப்பாளரும் சுகாதார அதிகாரிகளும் புரிந்துகொள்ளாதவரை செவிலியர் எழுத மாட்டார்.

கையையும் ஏட்டையும் ஒன்றுசேர்த்த முன்மாதிரி ஒன்று திருவண்ணாமலையிலிருந்து 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. முதுகுத்தண்டு அடிபட்டவரோடு குடும்பத்தாரும் தங்கி, திருப்புவதையும் தோல் பார்ப்பதையும் சிறுநீர் வடிப்பதையும் தாங்களே செய்து பழகிவிட்டு வீட்டுக்குப் போகும் முறை அங்கே வளர்ந்தது. அட்டெண்டரைத் தொந்தரவாகப் பார்க்காமல் மாணவராகப் பார்த்தார்கள். நோயாளியும் கற்றுக்கொள்கிறார்: கையில் பலம் இருப்பவர் சக்கர நாற்காலியில் அவ்வப்போது எழும்பி உட்காருவது, சின்னக் கண்ணாடி வைத்துத் தன் பின்புறத்தைத் தானே பார்ப்பது. கண்ணாடி வந்ததும் யார் பார்ப்பது என்ற வெட்கத்தின் சிக்கலும் பாதி தீர்கிறது. இதை எல்லா ஊரிலும் நிறுவனமாகக் கட்ட முடியாது. ஆனால் டிஸ்சார்ஜுக்கு முந்தைய மூன்று நாள், திருப்பும் வேலையை அட்டெண்டர் செய்ய, செவிலியர் அருகில் நின்று திருத்துவது என்பதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

வீட்டுப் பக்கத்தில் தமிழகத்துக்கு ஒரு வாய்ப்பு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று, நம் மாவட்டத்தை ஒட்டிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதால் அது பெயர்பெற்றது. படுத்த படுக்கையானவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவதும் அதே திட்டத்தில் அடக்கம். படுக்கைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வது இவர்களுடைய வேலையில் பெரும்பங்கு. ஆனால் திருவண்ணாமலை சிறிய மாவட்டமில்லை. 18 ஊராட்சி ஒன்றியங்கள், 860 ஊராட்சிகள், 2011 கணக்கெடுப்பில் 24 லட்சத்து 64 ஆயிரம் பேர். ஜமுனாமரத்தூர் பக்கம் ஜவ்வாது மலைக் குடியிருப்புகளுக்குப் போக வண்டியைவிட்டு இறங்கி நடக்க வேண்டிய இடங்கள் உண்டு. வட்டாரத்துக்கு ஓரிருவராக இருக்கும் செவிலியர் ஒரு வீட்டுக்குத் தினமும் வர முடியாது. அவர் வராத நாள்களில் பார்ப்பவர் அந்த வீட்டுப் பெண்தான். அவளுக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் வேண்டும்.

இரண்டு கட்டிலும் இல்லாதவர்களையும் இந்த ஊரில் மறக்க முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் காவியோடு முதுமை அடைந்தவர்கள், குடும்பம் விட்டு வந்தவர்கள், சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நடக்க முடியாமல் மண்டபத்தில் படுத்துவிட்டால் அவரைத் திருப்ப அட்டெண்டர் இல்லை. அன்னதானம் அவருக்குக் கிடைத்துவிடும். முதுகைப் பார்க்க ஆள் கிடைக்க மாட்டார். சோறு கொடுக்கும் தொண்டு அமைப்புகள், தாங்கள் சோறு கொடுக்கும் ஒருவர் இரண்டு நாளாக எழவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுவதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியதாக எனக்குத் தோன்றுவது பெரிய திட்டமல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியில் தோலுக்கென்று நான்கு வரி: எந்த இடம், எந்த அளவு, எந்தக் கட்டம், கடைசியாகப் பார்த்த தேதி. புண் இல்லையென்றால் ‘இல்லை’ என்றும் எழுத வேண்டும். வெற்றிடம் விடக் கூடாது. அதன் நகல் அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து மக்களைத் தேடி மருத்துவச் செவிலியருக்கும் போக வேண்டும். அவர் வீட்டுக்குப் போகும் முதல் நாளில் அதே நான்கு வரியை மறுபடி எழுதுவார். ‘முதலில் கவனித்தவர்’ என்று ஒரு கட்டமும் இருக்கட்டும். மருமகளின் பெயர் அதில் குற்றவாளியாக அல்ல, கண்டுபிடித்தவராக ஏறும்.

இன்னொரு காரணத்துக்காகவும் இரண்டு ஏடுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கட்டில் பற்றாக்குறையில் நோயாளியைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் மருத்துவமனையின் எண்ணிக்கை அழகாகக் குறையும். புண் பிடிப்பது வீட்டில், அங்கே எண்ணுவார் இல்லை. 2013-இல் தொடங்கிய திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கணக்கும் 18 ஒன்றியங்களின் கணக்கும் மாதம் ஒருமுறை ஒரே மேசைக்கு வந்தால், குறைந்தது புண்ணா, நோயாளி படுத்திருந்த நாள்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.